நேரலையில் ஓர் ஆசி

வக்கீல் அசில்ஹானின் கண்ணீர் மேஜை இழுப்பறையில் இருந்தது. மருந்துக்கடையில் வாங்கிய சொட்டு மருந்து. கேமரா முன்னால் உட்காருவதற்கு முன் கண்ணுக்கு இரண்டு சொட்டு. பிறகு, "இந்தத் தாயின் கதையைக் கேட்டால் உங்களுக்கும் தூக்கம் வராது" என்று தழுதழுப்பார். அதற்குச் சோகமான தோம்ப்ரா தந்தி இசை சேர்த்து இன்ஸ்டாகிராமில் ஏற்றுவது அவர் அலுவலகத்தில் இருந்த பெரிசாத்தின் வேலை. கசாக்ஸ்தானின் அல்மாத்தி நகரத்தில் பாதிப் பேர் வக்கீலை அங்கேதான் தேடுகிறார்கள். அவர்களுக்காக அவள் ஊரார் விவாகரத்தையும் விபத்தையும் துண்டு துண்டாக நறுக்கிப் பரிமாறிக்கொண்டிருந்தாள். சில நாள் வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்காது.

எல்லாவற்றிலும் நன்றாக ஓடுவது ஆசி வீடியோதான். வழக்கு முடிந்ததும் வயதான கட்சிக்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, இவர் தரையில் மண்டியிட்டுக் கை ஏந்துவார். பெரியவர் வாழ்த்தி முடித்ததும் எல்லோரும் "ஆமீன்" என்று முகத்தைத் தடவிக்கொள்வார்கள். மூத்தவர்கள் ஆசிக்கு உருகாத கசாக் உண்டா? மறுநாள் போன் ஓயாது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். இந்த மனுஷன் பிடுங்கிக்கொண்டு, வீட்டுக்காரியிடம் வாழ்த்தும் வாங்கிக்கொண்டு வருகிற ஜாதி.

அன்றைக்கு ஜெய்னெப் அம்மாவின் முறை. அவள் மகன் ஒல்ஜாஸ் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து இறந்துபோனான். குடித்துவிட்டு ஏறினான் என்று கம்பெனி விபத்து அறிக்கையில் எழுதிவைத்துவிட்டது. வாழ்நாளில் மதுவைத் தொடாத பிள்ளை. "பணம் வந்தாலும் சரி, வராட்டியும் சரி. அந்த வார்த்தைய மட்டும் அழிச்சுக் குடுங்க தம்பி. பேரனைப் பள்ளிக்கூடத்துல குடிகாரன் மகன்னு கூப்பிடறாங்க" என்றுதான் அவள் முதல் நாளே கேட்டாள்.

"தலைப்பு என்ன போடட்டும் அண்ணே? குடிச்சாங்கிறத எடுத்துட்டாங்கன்னு போடவா?" என்றாள் பெரிசாத்.

அசில்ஹான் கண்ணாடியில் டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். "அதெல்லாம் வேணாம். 'தாய்க்கு வெற்றி'ன்னு போடு, போதும். அந்த வரி அப்படியேதான் இருக்கு. நாம அதை ஒத்துக்கிட்டதாலதான் கம்பெனிக்காரன் சீக்கிரம் பணத்தைக் கீழ வெச்சான்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"எதுக்கு? அவங்க சார்புல கையெழுத்துப் போடத்தானே எனக்கு அதிகாரம் குடுத்திருக்காங்க, போட்டுட்டேன். கிழவி எங்க போய்ப் படிக்கப்போகுது! இன்னிக்கு நேரலையாவே போயிடலாம். கூட்டம் அள்ளும்."

இந்த ஆளின் முகத்தை அழகாகக் காட்ட விளக்கைத் திருப்பி வைத்த தன் கைகளைப் பார்க்கவே பெரிசாத்துக்குப் பிடிக்கவில்லை.

ஜெய்னெப் அம்மா முன்னறையில் மடியில் ஒரு பையோடு உட்கார்ந்திருந்தாள். வக்கீல் வீட்டுக்கென்று சுட்டு எடுத்துவந்த பவுர்சாக் பணியாரம், இன்னும் சூடு ஆறவில்லை. மைக்கைப் பொருத்துகிற சாக்கில் பெரிசாத் குனிந்தாள்.

"அம்மா, அந்த வார்த்தைய அவரு எடுக்கல. உங்க மகன் குடிச்சான்னு உங்க பேரால அவரே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காரு. நீங்க எந்திரிச்சுப் போயிடுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."

"நெசமாவா?"

"அவரு வாயாலயே சொன்னாரும்மா."

கிழவி மைக்கைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "இதை எங்க ஊர்க்காரங்க பாப்பாங்களா?" என்றாள்.

"பாப்பாங்க. போன் இல்லாத வீடு ஏது?"

"பள்ளிக்கூடத்துக்காரங்க?"

"அவங்களும்தான்."

"அப்ப நான் உக்காந்துக்கறேன். நீ நடுவுல அணைச்சிடாத மகளே."

நேரலை ஆரம்பித்தது. அசில்ஹான் ஈரக் கண்ணோடு வந்து மண்டியிட்டார். பின்னால் இரண்டு இளைய வக்கீல்கள் பவ்வியமாகக் கை ஏந்தி நின்றார்கள். "அம்மா, இந்தப் பிள்ளைக்கு ஒரு ஆசி குடுங்க" என்று சொல்லி அவர் கண்ணை மூடித் தலைகுனிந்தார்.

ஜெய்னெப் அம்மா இரு கைகளையும் உயர்த்தினாள். நிதானமாக அவற்றைத் திருப்பினாள். இப்போது அவள் புறங்கைகள் அவரைப் பார்த்தன. கையைத் திருப்பிக் கொடுத்தால் அது ஆசியில்லை, சாபம். அங்கே பால் மறந்த பிள்ளைக்கும் அது தெரியும். இளைய வக்கீல்கள் ஏந்திய கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள்.

"எம் மகன் ஒல்ஜாஸ் ஒரு சொட்டுக் குடிச்சதில்ல" என்று ஆரம்பித்தாள். "அவன் குடிச்சான்னு எம் பேரால கையெழுத்துப் போட்டவன் இவன்தான். உன் அடுப்புல புகை எழும்பாம போகட்டும். உன் வாசலுக்கு விருந்தாளி வராம போகட்டும். நீ செத்த அன்னிக்கு உன்னைப் பத்தி நல்லதாச் சொல்ல ஒரு வாய் இல்லாம போகட்டும்."

அசில்ஹான் கண்ணைத் திறந்தபோது காரியம் கெட்டுவிட்டிருந்தது. எழுந்தாலும் கேவலம், இருந்தாலும் கேவலம். உதட்டை மட்டும் அசைத்து "அணை, அணை" என்றார். பெரிசாத் போனை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமீன்" என்று முடித்தாள் ஜெய்னெப் அம்மா. பழக்கம் யாரை விட்டது? அசில்ஹானின் கைகள் தாமாக எழுந்து முகத்தை நன்றாகத் தடவிக்கொண்டன.

அப்புறம்தான் அவர் கத்தத் தொடங்கினார். வெளியே போ என்றார், வழக்குப் போடுவேன் என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. ஜெய்னெப் அம்மா பவுர்சாக் பையை எடுத்துப் பெரிசாத்தின் கையில் வைத்தாள்.

"எம் புள்ள பேரைத் தெளிவாச் சொன்னேனா?"

"தெளிவாச் சொன்னீங்கம்மா."

"அப்ப பேரனுக்குக் கேட்டிருக்கும்" என்றாள் அவள்.