இறக்கையை ஆட்டினான்

“நைனா, எந்திரிங்க. நீங்க வாய்க்கரிசி போட்டாத்தான் எடுக்க முடியும்.”

மாட்டுக்கொட்டகையில் குத்துக்காலிட்டிருந்த அப்பா மாதையன் கையில் அரிசிக் கிண்ணத்தைத் திணித்தான் மாதவராஜ். அவர் அதைத் தரையில் வைத்தார்.

“ஒரு கயித்த அவுக்கத் தெரியாதவனுக்கு நான் எதுக்குடா அரிசி போடணும்?”

மாதவராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவன் தம்பி நவநீதன். வடக்கே ஒரு கிளப்பில் கிளைடர் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். எஞ்சின் இல்லாத அந்த விமானத்தை இன்னொரு விமானம் கயிறு கட்டி மேலே இழுத்துப் போகும். உயரம் வந்ததும் உள்ளே இருக்கும் பிடியை இழுத்தால் கொக்கி திறந்து கயிறு கழன்றுகொள்ளும். நவநீதனுக்குக் கழலவில்லை. ‘பிடியை இழுக்க மறந்துட்டார் போல’ என்று கிளப்பிலிருந்து ஒருவன் போனில் சொன்னான், அவன் நாக்கு அழுகிப்போக! அப்பா அதையே பிடித்துக்கொண்டிருந்தார்.

கொட்டகை வாசலுக்கு அன்பு வந்து நின்றான். கிளப்பில் தரையில் நின்று கயிறு மாட்டிவிடுகிறவன். உடலோடு கூடவே வந்திருந்தான்.

“இழுத்தானுங்க ஐயா. இடப்பக்கமா ஒதுங்கி எறக்கையை ஆட்டுனான். இழுத்தேன், கழல மாட்டேங்குதுன்னு அதுக்கு அர்த்தம். நான் பாத்தேனுங்க.”

“கெளம்பறதுக்கு முன்னாடி கொக்கியப் பாக்கலையா?” என்றான் மாதவராஜ்.

“பாத்தோமுங்கண்ணா. கயிறு தொளதொளன்னு இருக்கையில தெறந்துச்சு. வெறைப்பா இழுத்துப் புடிச்சும் பாக்கணும். வெயிலு, வரிசையில ஆளுங்க வேற... நாந்தான் போதும்னுட்டேன்.”

இழுத்துப் போன விமானம் கயிற்றில் தன் பக்க முனையைக் கழற்றிவிட்டதாம். கிளைடரின் மூக்கில் தொங்கிய கயிறு, இறங்கும்போது வேலிக்கம்பியில் சிக்கிக் கிளைடரைத் தரையில் அடித்துவிட்டதாம். மாதவராஜுக்கு அன்புவை அடித்துவிடலாம் போல இருந்தது.

“ஆட்டிக்கிட்டே இருந்தானா?” என்றார் அப்பா.

“ஆமாங்க.”

“நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க.”

அன்பு வாய்விட்டு அழுதான். அப்பா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பாடை மக்காச்சோளக் கொல்லையைத் தாண்டும்போது மேலே ஒரு பருந்து பக்கவாட்டில் சாய்ந்தது. மாதவராஜ் அண்ணாந்து பார்த்தான். தம்பி இன்னும் மேலேதான் இருக்கிறான், இன்னும் ஆட்டுகிறான், எவனும் உதவிக்குப் போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். மண்ணிலும் அந்த நிழல் சாய்ந்து சாய்ந்து கூடவே வந்தது.

குழியில் இறக்கும் முன் உடம்பில் ஒரு கட்டும் இருக்கக் கூடாது. குழி வெட்டிய முனியப்பன் அரைஞாண் கயிற்றை அறுத்தார். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணிக்குப் பிளேடைக் கொண்டுபோனார்.

“அறுக்காத,” என்றார் அப்பா.

நனைந்த முடிச்சு இறுகிக் கிடந்தது. அவர் நகம் வழுக்கிக்கொண்டே இருந்தது.

“வுடுண்ணா, நேரமாவுது,” என்றார் முனியப்பன்.

அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகனின் இரண்டு பாதங்களையும் ஒன்றாகச் சேர்த்துத் தன் நெஞ்சோடு அழுத்தினார். துணி கொஞ்சம் தளர்ந்தது. முடிச்சு விட்டது.

“அவுந்துடுச்சுடா,” என்றார்.

முனியப்பன் கையை நீட்டினார். அப்பா அந்தக் கால்களை விடவில்லை.