எல்லாப் புட்டிக்கும் ஒரே நிறம்

வண்ணார்பேட்டை மருந்துச்சாலையிலிருந்து ஒருவர் தெருவில் கால் வைத்தால் போதும், எதிர்த்த வெற்றிலைக் கடை குற்றாலலிங்கம் நோயைச் சொல்லிவிடுவார். கையிலிருக்கும் புட்டிதான் அவருக்குச் சாட்சி. வெள்ளை என்றால் வயிற்றுப்போக்கு, மஞ்சள் என்றால் காய்ச்சல், பச்சை என்றால் பிள்ளைத்தாய்ச்சி. அடுத்த நாழிகையில் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும்.

கம்பவுண்டர் இஸ்ரவேலுக்கு இது பிடிக்காதுதான். ஆனால் கோமு வந்து நின்ற அன்றுதான் கோபமே வந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். முன்பு இரண்டு தடவை உண்டானபோது தெருவே கொண்டாடியது. தங்காமல் போனதும் அதே தெரு வந்து துக்கம் விசாரித்தது. இப்போது இரண்டாம் மாதம்.

"அண்ணாச்சி, அஞ்சு மாசமாவது ஆகட்டும். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியப்பிடாது. இன்னொரு தடவை அந்த விசாரிப்பு எனக்குத் தாங்காது. மருந்தை முந்தானைக்குள்ள மறைச்சுக்கிடுதேன்."

"மறைச்சா அதுக்கும் ஒரு கதை கட்டுவாரு. நீ பைய உக்காரு தங்கச்சி."

சீனியைக் கருக வறுத்துத் தண்ணீர் விட்டால் கறுப்பாக ஒரு பாகு வரும். கெடுதல் இல்லாதது. இஸ்ரவேல் டாக்டரிடம் உத்தரவு வாங்கி, அன்று முதல் குடிக்கிற மருந்து அத்தனையிலும் அதை ஊற்றினார். எது எவருடையது என்று விளங்க, சீட்டில் எண் எழுதி ஒட்டினார். கோமுவின் மருந்தை மட்டும் மாற்றியிருந்தால் அதுவே தண்டோரா ஆகியிருக்கும்.

குற்றாலலிங்கம் நான்கு நாள்தான் பொறுத்தார்.

"என்னவே, ஊருக்கே ஒரே சீக்கா? எல்லாப் பயலும் காப்பியத் தூக்கிக்கிட்டுப் போறானுவ. அந்தக் கோமுவுக்கு என்ன?"

இஸ்ரவேல் அவர் காதருகே குனிந்தார். "உமக்கு மூலம்னு நான் கோமுகிட்ட சொன்னேனாவே?"

குற்றாலலிங்கம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார். மறுநாள் தம் புட்டியை நிரப்பிக்கொண்டு, முதல் முறையாக அதைத் துண்டுக்குள் ஒளிக்காமல் தெருவைக் கடந்தார். அதன்பின் யார் புட்டியைப் பற்றியும் அவர் வாய் திறக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, கோமு நிமிர்ந்து நடந்து வந்து அந்தக் கடையிலேயே வெற்றிலை கேட்டாள்.

"நல்ல கொழுந்தாப் பாத்துக் குடுங்க அண்ணாச்சி. எனக்கு அஞ்சு மாசம் ஆயிருக்கு, வீட்டுல விசேஷம்."

குற்றாலலிங்கம் கடையை அப்படியே போட்டுவிட்டு மருந்துச்சாலைக்கு ஓடினார்.

"வே இஸ்ரவேலு, கோமு உண்டாயிருக்கா. அவளே எங்கிட்டச் சொன்னா. உமக்குத் தெரியுமா?"

"அப்படியா? இப்பத்தான் கேள்விப்படுதேன்," என்றார் இஸ்ரவேல். மூன்று மாதமாக உள்ளுக்குள்ளேயே வைத்திருந்த சந்தோஷத்தை இனி அடக்க வேண்டியதில்லை என்பதால், வாய்விட்டுச் சிரித்தார்.