மூன்று சுற்று

உத்தமன் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றபோது ஜெகதாம்பாள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. காலையிலிருந்து அந்த வீட்டுக்குள் பாத்திரம் உருளும் சத்தமும், பூனை சீறும் சத்தமும், அவர் அதட்டும் சத்தமும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. அவர் கையில் துணி சுற்றியிருப்பதை ஓரக்கண்ணால் கண்டுகொண்டாள்.

"ஏம்மா ஜெகதா, உனக்குத்தான் பூனையெல்லாம் பழக்கமாச்சே. இதுங்கள டாக்டர்கிட்ட காட்டணும். பிடிக்கப் போனாலே பிறாண்டி வைக்குதுங்க. கொஞ்சம் வந்து பிடிச்சுக் குடேன்."

அவள் மீனை உரசிக்கொண்டே இருந்தாள். கடைசி மீனையும் அலசிச் சட்டியில் போட்டாள். கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள். உத்தமன் காத்திருந்தார். அவரைக் காக்க வைக்க ஒரு சந்தர்ப்பம் கிடைக்காதா என்று சில வருடங்களாகவே அவள் ஏங்கியிருந்தாள். அது இப்படி மீன் நாற்றத்தோடு வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

திருமுல்லைவாயிலில் அந்தத் தெருவில் இருவர் வீட்டுக்கும் நடுவே இடுப்புயரச் சுவர் ஒன்றுதான். உத்தமன் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, குவார்ட்டர்ஸில் குடும்பம் நடத்தி, ஓய்வுக்குப் பல வருடம் முன்னாலேயே இங்கே வீடு கட்டிக்கொண்டு வந்தவர். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். ஜெகதாம்பாள் இந்த மண்ணிலேயே பிறந்தவள். அவள் அப்பா களையெடுத்த வயல்தான் இப்போது இந்தத் தெரு. அவளும் புருஷன் தசரதனும் தையல் மிஷின் ஓட்டியே அந்த இரண்டு அறை வீட்டை எழுப்பினார்கள்.

தசரதன் செத்த வருடம் அவளுக்கு மிச்சமிருந்தது சுந்தரி என்ற சாம்பல் பூனை ஒன்றுதான். அவனுடைய பழைய பனியன் மேல்தான் அது படுக்கும். அவள் வேறு துணி விரித்துப் பார்த்தாள், ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியே பனியனை விட்டுவிட்டாள். பூனைக்காவது ஞாபகம் இருக்கட்டும் என்று தோன்றியது. சுந்தரி பரணில் குட்டி போட்டது. குட்டி போட்ட பூனைக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது. உத்தமன் காருக்குப் போட்டிருந்த உறை மேல் ஏறி அசிங்கம் பண்ணிவிட்டது. மறுநாள் சுந்தரியைக் காணவில்லை.

தேடிக்கொண்டு போய் அவரிடம் கேட்டாள். அவர் செய்தித்தாளைத் தாழ்த்தாமலே பதில் சொன்னார்.

"பூனைதானேம்மா. வரணும்னு இருந்தா அதுவா வரும்."

குட்டிகளுக்குக் கண் திறக்கவில்லை. பஞ்சில் பாலை நனைத்து வைத்துப் பார்த்தாள். மிஷினை நிறுத்திவிட்டு மடியிலேயே போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாகப் போயின. கடைசிக் குட்டியைப் புதைத்த பிறகுதான் ஆட்டோக்கார யூசுப் விஷயத்தைச் சொன்னான். முன்னாலேயே சொன்னால் அவள் தாங்கமாட்டாள் என்று வைத்திருந்தானாம். வெள்ளானூர் தாண்டி ஏரிப் பக்கம் சவாரி இறக்கிவிட்டுத் திரும்பும்போது பார்த்திருக்கிறான்.

"சார் ஸ்கூட்டர நிறுத்திட்டு, சாக்க கையில புடிச்சிகினு, கோயில் சுத்துற மாரி மூணு சுத்து சுத்துனாரு யக்கா. அப்புறம் அவுத்து உட்டாரு."

ஊரில் எல்லாரும் செய்வதுதான். கோணியில் கட்டி எடுத்துப் போய், மூன்று சுற்று சுற்றி விட்டால் பூனைக்குத் தலை கிறுகிறுத்து வந்த வழி மறந்துவிடும் என்பார்கள். ஜெகதாம்பாளின் அப்பாவே செய்திருக்கிறார். அதனால்தான் அவளால் யாரிடமும் போய் நியாயம் கேட்க முடியவில்லை. சாயங்காலங்களில் யூசுப் ஆட்டோவில் ஏரிக்கரைக்குப் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த வீடுகளின் வாட்ச்மேன்கள் அவளைப் பைத்தியம் என்று நினைத்தார்கள். பிறகு போவதை நிறுத்தினாள். உத்தமனிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வணக்கம் சொன்னால் வணக்கம் சொன்னாள். வடகம் கொடுத்தால் வாங்கிக் குப்பையில் போட்டாள்.

இப்போது அவர் வீட்டிலேயே பூனைகள். மகள் லாவண்யா தானாகத் தேடிய பையனைக் கட்டிக்கொண்டபோது உத்தமன் கல்யாணத்துக்குப் போகவில்லை. அம்மா செத்ததற்கு வந்தவள் அன்றைக்கே திரும்பிப் போய்விட்டாள். சென்ற வருடம் கனடாவுக்குக் கிளம்பும்போது, வளர்த்த இரண்டு பூனைகளையும் வேறு யாரும் எடுத்துக்கொள்ளாததால் அப்பாவிடம் விட்டாள். கறுப்புப் பூனையின் பேர் மிளகு, பழுப்புப் பூனையின் பேர் பிஸ்கட். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோவில் கூப்பிடுவாள். சாப்பிட்டியா, தூங்கினியா என்ற கேள்வியெல்லாம் கிடையாது. மிளகு எங்கே, காட்டு. பிஸ்கட் ஏன் இளைச்சிருக்கு. அவ்வளவுதான். உத்தமன் போனைப் பூனை மேல் பிடித்துக்கொண்டு, படத்தின் மூலையில் தன் முகமும் விழும்படி குனிந்து உட்கார்ந்திருப்பார். ஜெகதாம்பாள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பாள். சாயங்காலம் அவர் நாற்காலியில் சாய்ந்தால் பிஸ்கட் மடியில் ஏறிப் படுக்கும். அவரும் அது எழுந்திருக்கும் வரை அசையமாட்டார். அந்தக் காட்சியைப் பார்த்த அன்றெல்லாம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

லாவண்யா இந்த வாரம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: தடுப்பூசி தவறிவிட்டது, பிஸ்கட்டுக்கு வாயில் எச்சில் வடிகிறது, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஜெகதாம்பாள் கையைத் துடைத்துக்கொண்டு சுவரருகே வந்தாள்.

"நான் புடிச்சா ஆவாது சார். உங்க பூனை, உங்க கைதான் புடிக்கணும். ரெண்டு கோணி எடுத்துகினு வாங்க."

கூடை வேண்டாமா என்று கேட்டார். போகும்போது கூடையில் வைத்தால் எகிறிவிடும், வரும்போது கூடை, அதை அவளே எடுத்து வருகிறாள் என்றாள். அவர் தலையாட்டினார்.

"ஆமா, சாக்குன்னா அடங்கிடும். எனக்குத் தெரியும்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். ஒரு நிழல்கூட ஓடவில்லை. அவருக்கு ஞாபகமே இல்லை. இத்தனை வருடமாக அவள் சோற்றிலும் தூக்கத்திலும் சுமந்தது அவர் மனதில் ஒரு கீறல்கூட விழாமல் போயிருக்கிறது. அதுவரை அரைமனதாக இருந்த யோசனை அந்தக் கணத்தில்தான் முடிவானது.

பூனை மனிதர்களை முகத்தால் அறிவதில்லை என்பது அவள் எண்ணம். எந்தக் கை இருட்டுக்குள் தள்ளியது, எந்தக் கை வெளிச்சத்துக்கு விட்டது. அதற்குத் தெரிவது அதுதான். துணி போட்டுவைக்கும் மூடி வைத்த பிளாஸ்டிக் கூடையை எடுத்துத் துடைத்தாள். அடியில் தான் உடுத்திக் களைந்த நூல் புடவையைத் துவைக்காமலே மடித்துப் போட்டாள்.

பிடிக்கும்போது அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. கழுத்துத் தோலைப் பிடியுங்கள், விடாதீர்கள், அழுத்துங்கள் என்று வெளியிலிருந்தே சொன்னாள். சொன்னதெல்லாம் சரியான யோசனைதான். மெதுவாக, பேசிக்கொண்டே, துணி போர்த்திப் பிடிக்கலாம் என்பதை மட்டும் சொல்லவில்லை. மிளகு திரைச்சீலையில் ஏறி, அதோடு கிழிந்து விழுந்தது. பிஸ்கட் பீரோவுக்கு அடியில் போய்விட்டது. அவர் தரையில் குப்புறப் படுத்து, காலைப் பிடித்து இழுத்தார். நம்பி மடியில் படுத்த பூனை அது. முதலில் அது கடிக்கவில்லை. கோணி வாயைப் பார்த்த பிறகுதான் கடித்தது.

யூசுப் ஆட்டோவோடு வந்து நின்றான். இரண்டு சாக்குகளும் தரையில் துள்ளுவதைப் பார்த்தான். இருவரும் சாக்குகளோடு பின்னால் ஏறி உட்கார்ந்தார்கள்.

"சாக்குல கட்றதுன்னா நம்ம சாரு..." என்று ஆரம்பித்தவன் கண்ணாடியில் ஜெகதாம்பாளின் கண்ணைச் சந்தித்ததும் வண்டியைக் கிளப்பினான்.

சி.டி.எச். ரோட்டில் நெரிசல். உத்தமன் காலடியில் சாக்குகள். பூனைகள் அழுதன. பசிக்கு அழுவதுபோல இல்லை. அடிவயிற்றிலிருந்து, நீளமாக, விட்டு விட்டு. அவர் கேட்டுக்கொண்டு வரட்டும் என்று நினைத்தாள். ஆனால் அவர் கையில் வடிந்த ரத்தத்தைத் துடைப்பதிலேயே இருந்தார். கேட்டது அவள்தான். வெள்ளானூர் வரைக்கும் சுந்தரி இப்படித்தான் அழுதிருக்கும். இத்தனை வருடமும் அவள் கற்பனை செய்யாமல் தள்ளி வைத்திருந்த சத்தம் அது. அம்பத்தூர் ஓ.டி. சிக்னலில் வண்டி நின்றபோது கை தன்னையறியாமல் ஒரு சாக்கின் முடிச்சுக்குப் போயிற்று. இப்போது அவிழ்த்தால் அவிழ்த்த கை அவளுடையது. ஆனால் மிரண்டு ரோட்டில் பாய்ந்துவிடும். கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் ஷோபனா சின்னப் பெண். சாக்கைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

"சார், இது என்ன அரிசியா, மூட்டையா கட்டித் தூக்கிட்டு வர? பயத்துலயே செத்துடும்."

உத்தமன் ஜெகதாம்பாளைப் பார்த்தார். அவள் சுவரில் ஒட்டியிருந்த நாய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடித்துக்கொள்ள அவள் வருகிறாளா என்று டாக்டர் கேட்டதற்கு, பூனை சாருடையது, அவர் பிடிப்பதுதான் முறை என்றாள். அவரே அமுக்கிப் பிடித்தார். பல் பார்க்க வாயைப் பிளந்தபோதும், ஊசி இறங்கியபோதும், காய்ச்சல் பார்க்கும் கருவியை வைத்தபோதும், பூனைகளின் மேல் இருந்தது அவர் கைதான். பிஸ்கட்டுக்கு ஈறு வீங்கியிருந்தது, மருந்து கொடுத்தால் சரியாகிவிடும் என்றாள் டாக்டர். இரண்டுக்கும் அடுத்த மாதம் இன்னொரு ஊசி.

முடிந்ததும் ஜெகதாம்பாள் முன்னால் வந்து கூடையை மேஜை மேல் வைத்து மூடியைத் திறந்தாள். கூப்பிடவில்லை. தொடவும் இல்லை. பிஸ்கட் தானாக நடந்து உள்ளே போய்ப் புடவைக்குள் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டது. பின்னாலேயே மிளகு.

டாக்டர் சிரித்தாள். "உங்ககிட்ட நல்லா ஒட்டிக்கும் போலயே."

"நமக்கு இன்னாம்மா. சாரோட பூனை" என்றாள் ஜெகதாம்பாள்.

வீடு வந்ததும், மருந்து வாசனை போகும் வரைக்கும் தன் வீட்டில் இருக்கட்டும், உடனே அங்கே விட்டால் மிரண்டு ஓடிவிடும் என்றாள். அதுவும் உண்மைதான். அவர் நன்றி சொன்னார். சாயங்காலம் பிஸ்கட்டுக்கு மருந்து கொடுக்கவும் கூட்டிப் போகவும் வந்தார். அவர் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதுமே இரண்டும் தையல் மிஷினுக்குப் பின்னால் பாய்ந்தன. கிட்டப் போனார். மிளகு காதைப் பின்னால் மடக்கிச் சீறியது. அவர் கை அந்தரத்தில் நின்றது.

அவள் கூடையோடு அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டாலும் சுவரேறிக் குதித்து வந்தன. ஜன்னலைச் சாத்தினால் இரவெல்லாம் பிறாண்டின. பாலாடை, வேகவைத்த கோழி, லாவண்யா வாங்கச் சொன்ன டப்பா உணவு எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு அவர் சுவரருகே நின்று கூப்பிட்டார். ஜெகதாம்பாள் இந்தப் பக்கம் நெத்திலித் தலை நாலைப் போட்டுவிட்டு மிஷினில் உட்கார்ந்துவிடுவாள். கூப்பிடமாட்டாள். பிஸ்கட் பரணில் ஏறி, தசரதனின் பழைய பனியன் மேல் படுத்தது. அவள் தடுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உத்தமன் போனைச் சுவருக்கு மேல் நீட்டினார். லாவண்யா பூனைகளைப் பார்த்தாள், பிறகு யார் வீட்டில் இருக்கின்றன என்பதைப் பார்த்தாள். பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொடுத்த ஆன்ட்டியை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நெடுநேரம் பேசினாள். அவ்வளவு நேரமும் உத்தமன் கையை நீட்டியபடி, படத்துக்கு வெளியே நின்றார். கை வலித்திருக்கும். மறுகையால் தாங்கிக்கொண்டார். கடைசியில் லாவண்யா ஜெகதாம்பாளின் நம்பரைக் கேட்டாள். கொடுத்தாள்.

அதற்கடுத்த ஞாயிறு. உத்தமன் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, போனைச் சுவர் மேல் நிமிர்த்தி வைத்துவிட்டு நின்றார். அது ஒலிக்கவில்லை. வெயில் ஏறியது. ஜெகதாம்பாள் துணி காயப்போட வந்தபோது அவர் பேசினார். குரல் இறங்கியிருந்தது.

"ஜெகதாம்மா. அதுங்கள எப்படியாவது எங்கிட்ட பழக்கி விடும்மா. அதுங்க இல்லன்னா அவ என்னைக் கூப்பிட மாட்டா."

அவள் ஒரு புடவையை உதறிக் கொடியில் போட்டாள். மடிப்பை நீவினாள். அடுத்த துணியை எடுத்தாள். அதையும் உதறினாள். அவர் காத்திருந்தார். இந்த முறை அவள் அவசரப்படவேயில்லை.

"பூனைதானே சார். வரணும்னு இருந்தா அதுவா வரும்."

அவர் புருவம் சுருங்கியது. எங்கேயோ கேட்ட வார்த்தை என்பதுபோல. அவள் கிளிப்பைக் கொடியில் மாட்டிவிட்டு, நேராக அவரைப் பார்த்தாள்.

"வரலன்னா சாக்குல கட்டி எடுத்துகினு போங்க. வெள்ளானூர் ஏரிகிட்ட வச்சி மூணு சுத்து சுத்துங்க. இந்த ஊட்டு வழி மறந்துடும். உங்களுக்குத் தெரியாததா."

உத்தமனின் வாய் லேசாகத் திறந்தது. கண் முதலில் அவள் முகத்திலும், பிறகு பரண் ஜன்னலிலும், பிறகு பிறாண்டல் ஆறாத தன் கையிலும் போயிற்று. ஞாபகம் வருவதை அவள் பார்த்தாள். மெதுவாக, ஒரு மூட்டை அவிழ்வதுபோல வந்தது. ஏதோ சொல்ல வந்தார். குட்டி இருந்தது தெரியாது என்றா, மன்னிப்பு என்றா, அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை.

உள்ளே மிஷின் மேல் வைத்திருந்த அவளுடைய போன் ஒலித்தது. இருவரும் அதைக் கேட்டார்கள். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மிளகு மிஷின் பலகையில் நீட்டிப் படுத்திருந்தது. பிஸ்கட் பரணிலிருந்து இறங்கி வந்தது.

"ஆன்ட்டி, எங்க ரெண்டும்?" என்றது குரல்.

ஜெகதாம்பாள் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, போனைப் பூனைகள் பக்கம் திருப்பினாள்.