ஆறாவது நிமிடம்

இரண்டு முட்டியும் கடுத்தன. கப்பல் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் எண்ணெய்த் தொட்டிக்குள் குந்தியிருந்து வெல்டிங் அடித்த முட்டிகள். அவற்றை மடக்கித்தான் மேசைக்கடியில் புகுந்து நிரஞ்சனாவின் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டேன். சுட்டது.

நிரஞ்சனா எங்கள் ஒரே மகள். போன வருஷம், இருபத்து நாலு வயதில், டெங்கியில் போய்விட்டாள்.

வேலை நேர்காணலுக்காக அவள் பேசிப் பழகிய பதிவு ஒன்று அந்தப் பெட்டியில் இருந்தது. முழுக்க இங்கிலீஷ். என் மனைவி கமலாவுக்குப் பாதி புரியாது. ஆறாவது நிமிடத்தில் மட்டும் மகள் தமிழில் கத்துவாள்: "அம்மா, கதவ சாத்துமா! ரெக்கார்ட் பண்றேன்லா!" அந்த ஒரு வரிக்காகக் கமலா தினமும் உட்கார்ந்து முழுசையும் கேட்பாள். ஒரு மாதமாக நாலாவது நிமிடத்திலேயே பெட்டி சூடேறி அணைந்துவிடுகிறது.

தேக்கா பக்கம் ரிப்பேர் கடை வைத்திருக்கும் உமைர், புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீடு வரை வந்து மூடியைக் கழற்றினான். கழற்றியதும் சிரித்தான்.

"என்ன அங்கிள், இது கம்ப்யூட்டரா, சாத்தே கறி சுடுற அடுப்பா?"

காற்றாடியில் தூசி கம்பளி மாதிரி அப்பியிருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தான். பிசுபிசுத்தது. முகர்ந்தான். நிமிர்ந்து மேசை மேலிருந்த மாலை போட்ட படத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"சாம்பிராணி போடுறீங்களா?" மெதுவாகக் கேட்டான்.

மேலே வைத்தால் படம் கறுத்துவிடும் என்று கமலா தூபக்காலைத் தரையில், பெட்டியை ஒட்டித்தான் வைப்பாள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. பதினொரு மாதம்.

"அம்புட்டையும் உள்ள இழுத்திருக்கு அங்கிள்."

துடைத்து, புதுக் காற்றாடி மாட்டிப் பதிவை ஓட்டினான். நிரஞ்சனா பேசினாள். கமலா சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்து நின்றாள். நாலு நிமிடம் தாண்டியது. ஐந்தும் தாண்டியது. கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி ஓட்டினான். அதே இடத்தில் நின்றது.

"டிஸ்க்கும் சூட்டுல அடி வாங்கிருச்சு ஆன்ட்டி. இதுக்கு மேல வரல."

"வேற எதுலயாச்சும் போட்டு எடுக்க முடியாதாப்பா?"

அவன் இன்னும் ஒரு மணி நேரம் மல்லாடினான். முடியாது என்று தலையை ஆட்டினான்.

"எதனாலயாம் சூடாச்சு?" என்றாள் கமலா.

உமைர் என்னைப் பார்த்தான்.

"பழைய சாமான். வேறென்ன?" என்றேன்.

"ஆமா ஆன்ட்டி. பழசுலா." குனிந்து திருப்புளியைப் பைக்குள் போட்டான்.

"அப்பவே ஆளக் கூப்பிடுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா? நீங்கல்லாம் ஒரு அப்பனா?"

கமலாவின் திட்டை வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் அவள் தூபக்காலில் கரி மூட்டி அதே இடத்தில் வைத்தாள். நான் தடுக்கவில்லை. மகளின் குரலைத் தின்றது அந்தப் புகைதான் என்று அவளிடம் நான் சொல்லியாக வேண்டும். அந்த ஒரு உண்மை கமலாவுக்கு என்னிடமிருந்து இன்னும் பாக்கி.