சர்நேம் அப்பாதுரை

அயர்லாந்தில் யாராவது அப்பாதுரை என்று கூப்பிட்டால், ஊரப்பாக்கத்தில் இருக்கும் அப்பாதுரை எழுந்து நின்று 'உள்ளேன் ஐயா' என்று சொல்லிவிடுவார். 2018ஆம் ஆண்டு ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இது ஆரம்பித்தது. தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வழியாகப் பொத்தேரிக்கு எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஓட்டி வந்தவர், இரும்புலியூர் தாண்டியதும் சீட்டிலிருந்து எழுந்தார். தலை மேலே கம்பியில் இடித்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நாற்பது வருஷம் ஆனவர், வாத்தியார் ஆஜர் எடுக்கும்போது சொல்வதுபோல் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்து பிரேக்கை அழுத்தினார். வண்டி ரோட்டோரத் தடுப்பில் உரசி நின்றது. யாருக்கும் அடி இல்லை. ஒரு அம்மாளின் இரண்டு படி தோசை மாவு மட்டும் சிந்தியது, அதற்கு அவர் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

இதற்குக் காரணம் அப்பாதுரையேதான். இந்தப் பக்கத்தில் யாருக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயரை ஒரே ஒரு எழுத்தாகச் சுருக்கி முன்னால் ஒட்டிக்கொள்வார்கள், அதோடு சரி. அப்பாதுரை என்றால் மா. அப்பாதுரை. மா என்பது கிணறு வெட்டிய மாசிலாமணி. மாசிலாமணியின் அப்பா யார் என்று கேட்டால் அப்பாதுரைக்குத் தெரியாது. நம் ஊரில் ஒரு மனிதன் செத்தால் அவன் பெயர் பிள்ளைக்கு ஒரு எழுத்து, பேரனுக்கு அதுவும் கிடையாது. அதைப் பற்றி யாரும் வருத்தப்பட்டதும் இல்லை. ஆனால் மகள் ஹெப்சி நர்சிங் முடித்து பாஸ்போர்ட்டுக்கு எழுதியபோது, ஸ்டேஷன் ரோட்டு பிரவுசிங் சென்டரில் இருந்த பேபி, சர்நேம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்பிவிடலாம் என்றாள். "சர்நேம் இன்னா போடறது அண்ணா?" என்று கேட்டாள். "பெத்தவன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்ல? என் பேரைப் போடும்மா, முழுசாப் போடு" என்றார் அப்பாதுரை. ஒற்றை எழுத்தாக இருந்தவருக்கு முழுப் பெயரும் கிடைத்ததில் அன்றைக்கு அத்தனை பெருமை. பேபிக்கும் சேர்த்து மூன்று லெமன் சோடா வாங்கினார்.

அவள் வேலைக்குப் போன அயர்லாந்தில் எல்லோருக்கும் சர்நேம்தான் பெயர். ஹெப்சி என்பது வீட்டோடு போயிற்று. ஆஸ்பத்திரியில் டாக்டர், மேட்ரன், ஒலிபெருக்கி, படுக்கையில் கிடக்கும் கிழவர் எல்லாருக்கும் அவள் நர்ஸ் அப்பாதுரை. ஒருநாள் தம்பி ஆல்வின் அவளோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோது அவள் பின்னாலிருந்து யாரோ அப்பாதுரை என்றார்கள். அடுத்த அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாதுரை தட்டோடு எழுந்து நின்றார். அவள் திரும்பி யெஸ் என்றதும் இவரைப் பிடித்திருந்த பிடி விட்டது, உட்கார்ந்தார். அவள் பதில் சொல்லத் தாமதமானால் அதுவரை இவர் நின்றே ஆக வேண்டும். இப்படித்தான் விஷயம் வெளியே வந்தது.

செய்யாத வைத்தியம் இல்லை. பாஸ்டர் வந்து தலையில் கை வைத்து ஜெபித்தார். ஜெபத்தின் நடுவிலேயே இவர் எழுந்து நின்றதால் விடுதலை கிடைத்துவிட்டது என்று எல்லோரும் கை தட்டினார்கள், பத்து நிமிஷத்தில் மறுபடியும் எழுந்தார். எலும்பு டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கால்சியம் மாத்திரை எழுதினார். அம்மணி, அதாவது அவர் மனைவி, புடவையால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தாள். நாற்காலியும் கூடவே எழுந்தது. அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே மதியம் பன்னிரண்டரை என்பதால், பன்னிரண்டு மணிக்கு மேல் அப்பாதுரை வண்டி எடுக்கக் கூடாது என்று ஸ்டாண்டில் பேசி முடிவெடுத்தார்கள். அந்த நேரத்துக்குத்தான் கல்லூரிப் பிள்ளைகள் பொத்தேரியில் கும்பலாக நிற்பார்கள். மற்ற வண்டிகள் நிரம்பி வழிந்து போவதைப் பார்த்துக்கொண்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தும் எழுந்தும் அவர் சாயங்காலத்தைக் கழித்தார். 'சர்நேம் அண்ணே' என்று ஸ்டாண்டில் பெயர் வைத்துவிட்டார்கள். அப்பாதுரைக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. பெயர் என்னுடையது, கூப்பிடுவது அவளை, கால் வலிப்பது எனக்கு, இது என்ன கணக்கு என்று கேட்பார். 

மறு வருஷம் ஹெப்சி அங்கேயே ஒரு பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, பிறகுதான் வீட்டுக்குச் சொன்னாள். பையன் பெயர் அனிருத், லேபில் வேலை, ஊர் சிட்லபாக்கம், ஐயங்கார் வீட்டுப் பிள்ளை. சர்ச்சில் மூன்று தரம் திருமண அறிவிப்பு ஓலை வாசித்து, பந்தல் போட்டு, பிரியாணி போட்டு நடத்த வேண்டிய கல்யாணம் போனில் ஒரு வரியாக முடிந்ததை அப்பாதுரையால் தாங்க முடியவில்லை. "இனிமே என் பேரைச் சொல்லிக்கினு நீ எங்கியும் திரியாத!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தார். வைத்த அரை நிமிஷத்தில் அங்கே யாரோ கூப்பிட, எழுந்து நின்று 'உள்ளேன் ஐயா' என்றார். அந்த அவமானத்தில் அழுதார். அதற்குப் பிறகு மகளோடு பேசவில்லை. ஆனால் அவள் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறாள், என்றைக்கு லீவு, எந்த வாரம் ஓய்வே இல்லாமல் ஓடுகிறாள் என்பதெல்லாம் அவர் காலுக்குத் தெரிந்தது. கொரோனா வந்த மாசங்களில் ஒரு நாளைக்கு முந்நூறு தரம் எழுந்தார். முழங்கால் வீங்கிவிட்டது. ராத்திரியில் அம்மணி தைலம் தேய்த்துவிடுவாள்.

அந்த வருஷக் கடைசியில் புதிதாக ஒரு இழுப்பு வந்தது. ரொம்பச் சின்னது. குதிகால் மட்டும் தரையிலிருந்து ஒரு விரல் உயரம் எழும், அவ்வளவுதான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அடக்கிவிடலாம், வாயிலிருந்து சத்தமும் வராது. வயசாகிறது, நரம்பு தளர்கிறது என்று நினைத்துக்கொண்டார். சங்கதி என்னவென்று நாலு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தெரிந்தது. வெள்ளை வேட்டி, கதர்ச் சட்டையோடு ஒரு பெரியவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

"நீங்கதானே மிஸ்டர் அப்பாதுரை? நான் கஸ்தூரிரங்கன். அனிருத்தோட ஃபாதர்."

அப்பாதுரை சேரைக் காட்டினார். உட்கார்ந்த உடனே கஸ்தூரிரங்கன் ஆரம்பித்துவிட்டார். "குழந்தைக்கு உங்க பேரைப் போட்டிருக்கா சார். பொறந்தப்போ ஆஸ்பத்திரில அம்மா பேர்லதான் கையில சீட்டு கட்டினாளாம், அதையே பதிஞ்சுட்டாளாம். சின்மயி அப்பாதுரை! கேக்கறதுக்கே எப்படி இருக்கு? நான் என் பேரைக்கூடக் கேக்கலை. அனிருத்னு ஒரு இனிஷியல் வந்தாப் போறும்னேன். தாய்வழித் தாத்தா பேர் உலகத்துல எங்கயாவது வருமா?"

"இன்னா கொயந்த?" என்றார் அப்பாதுரை.

கஸ்தூரிரங்கன் போனை நீட்டினார். மொட்டைத் தலையும் பொக்கை வாயுமாக ஒரு பெண் குழந்தை. அப்பாதுரை திரும்பி அம்மணியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே, ஆல்வின் போனில் அவள் இதையெல்லாம் முன்பே பார்த்தாயிற்று என்று தெரிந்துவிட்டது. தனக்கு மட்டும் சொல்லவில்லை என்ற கோபமும், சொல்ல விடாமல் செய்ததே தான்தான் என்ற வெட்கமும் ஒன்றாக வந்ததில் சண்டைக்குப் போனார். "நானா சார் போடச் சொன்னேன்? அந்தப் பேர எடு, எடுன்னு ரெண்டு வருசமா நானே கத்திக்கினு கீறேன். உன் புள்ளையாண்ட போய்ச் சொல்லு."

"அவன் கேக்கணுமே" என்று சொல்லும்போதே கஸ்தூரிரங்கன் எழுந்து நின்று 'யெஸ் சார்' என்றார். பாங்கில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவருக்கு அதுதான் வந்தது. அவர் உட்கார்ந்ததும் அப்பாதுரை எழுந்து 'உள்ளேன் ஐயா' என்றார்.  காப்பி ஆறுகிறது என்றாள் அம்மணி. போகும்போதுதான் கஸ்தூரிரங்கன் சொன்னார், சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலையில் நடக்க வருகிறவர்களில் மட்டும் இருபத்தொரு அப்பாக்கள் இப்படி எழுந்து நிற்கிறார்களாம், அமெரிக்கப் பிள்ளைகளைப் பெற்றவர்கள்தான் பாவம், அவர்களுக்குத் தூக்கமே இல்லையாம். சேலையூரிலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் எத்தனை பேர் என்று இன்னும் கணக்கெடுக்கவில்லை.

அப்பாதுரை விடுவதாக இல்லை. பெயரை எடுக்க என்ன வழி என்று பேபியிடம் கேட்டார். வக்கீலிடம் எழுதி வாங்கு, இரண்டு பேப்பரில் விளம்பரம் கொடு, பெயருக்கு உரியவரை நேரில் கூட்டி வா என்று ஒரு பட்டியல் வந்தது. "பேருக்கு உரியவன் நான்தாம்மா" என்றார். "இல்லண்ணா, பாஸ்போர்ட்டுக்கு உரியவங்க" என்றாள் பேபி. நாலு ஆபீஸ் ஏறினார். எல்லா ஆபீசிலும் பன்னிரண்டரை மணிக்கு மேல்தான் அவர் முறை வந்தது, எழுந்து எழுந்து நிற்பவரைப் பார்த்து, அவசரப்படாதீங்க பெரியவரே என்றார்கள். கடைசியில் ஆல்வின் மூலம் மகளுக்கே சொல்லி அனுப்பினார். "அவர்தானே ஆசையா எழுதினாரு? அவரே வந்து அழிக்கட்டும்" என்று பதில் வந்தது. அப்படியே மூன்று வருஷம் போயிற்று.

2024 ஜூலையில் ஹெப்சிக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. இந்தச் சந்தர்ப்பத்தில் பெயரை மாற்றிக்கொண்டேன், இனி நான் ஹெப்சி அனிருத், அப்பா நிம்மதியாக உட்காரட்டும் என்று ஆல்வினுக்கு எழுதியிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமையோடு இழுப்பு நின்றது. இனி அவளைக் கூப்பிடும்போது அனிருத் எழுந்து நிற்கிறானா என்பது இங்கே தெரியவில்லை. அப்பாதுரை ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார், ஆறு வருஷத்துக்குப் பிறகு மதிய வண்டி எடுத்தார். பொத்தேரிப் பிள்ளைகளை அடைத்து ஏற்றினார். ஆனால் ஒரு வாரத்திலேயே அவர் சிடுசிடுப்பு முன்பைவிட அதிகமாகிவிட்டது. ஹாரன் அடித்தால் சண்டை, சில்லறை இல்லாவிட்டால் சண்டை. அவள் இன்றைக்கு வேலைக்குப் போனாளா, உடம்பு சரியில்லையா, எதுவும் தெரியவில்லை. கால் சும்மா கிடந்தது. அது சும்மா கிடப்பது அவருக்குப் பிடிக்கவில்லை, அதை வெளியே சொல்லவும் வழியில்லை. கேட்டதுதானே கிடைத்தது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, மதியம் ஒன்றரை மணிக்கு, பெருங்களத்தூர் தாண்டி வரும்போது குதிகால் ஒரு விரல் உயரம் எழுந்தது. பிரேக்கிலிருந்து கால் நழுவியது. பல்லைக் கடித்து அடக்கினார். மறுபடியும் எழுந்தது. யாரோ கூப்பிடுகிறார்கள், யாரும் பதில் சொல்லவில்லை என்று புரிந்தது. மூன்றாவது தரம் எழுந்தபோது, பேத்தியிடம் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது, அவளுக்கு நாலு வயசு ஆகப்போகிறது, பள்ளிக்கூடத்தில் போட்டிருப்பார்கள், முதல் நாள், பெயர் வாசிக்கிறார்கள், பிள்ளை வாயைத் திறக்காமல் நிற்கிறது என்று எல்லாமே சேர்ந்தாற்போல் விளங்கியது. அடக்க நினைத்திருந்தால் அடக்கியிருக்கலாம், அவ்வளவு சின்ன இழுப்பு. அப்பாதுரை வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, இறங்கி ரோட்டோரமாக நேராக நின்றார். கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தாம்பரம் பஸ் சத்தத்தையும் மீறி, "உள்ளேன் ஐயா!" என்றார். குதிகால் தரைக்கு வந்தது.

அன்று சாயங்காலம் ஆல்வின் போனில் இல்லாமல் அவருடைய போனிலேயே மணி அடித்தது.

"சின்மயி ஸ்கூல்ல இன்னிக்கு ஏதோ புரியாத பாஷையில பதில் சொல்லிச்சாம். டீச்சர் எழுதிக் காட்டி, இதுக்கு இன்னா அர்த்தம்னு என்னைக் கேக்குறாங்க" என்றாள் ஹெப்சி. ஐந்து வருஷத்துக்குப் பிறகு கேட்ட குரல். அப்பாதுரை போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு கேட்டார்.

"இன்னா சொன்ன?"

"எங்கப்பா வந்துட்டார்னு அர்த்தம்னேன்."

"சர்தான்" என்றார் அப்பாதுரை. பிறகு குழந்தை சாப்பிட்டதா என்று கேட்டார், அங்கே குளிருமே ஸ்வெட்டர் இருக்கிறதா என்று கேட்டார். அம்மணி போனைப் பிடுங்கும்வரை கொடுக்கவில்லை.

இப்போது அவருடைய மதிய வண்டி பெருங்களத்தூர் தாண்டி இரண்டு நிமிஷம் நிற்கும். சனி, ஞாயிறு நிற்காது. கஸ்தூரிரங்கன் வாரத்தில் இரண்டு நாள் சிட்லபாக்கத்திலிருந்து இதற்காகவே வந்து முன் சீட்டில் உட்காருகிறார், என் பேரைப் போட்டிருந்தால் நானும் இறங்கியிருப்பேன் என்று பொருமுகிறார். வழக்கமாக வருகிற ஒரு அம்மாள் அந்த நேரத்தில் இறங்கிப் பூ வாங்கிக்கொள்கிறார். அக்டோபர் கடைசியில் அயர்லாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பதால் அங்கே பெயர் வாசிக்கும் நேரம் இங்கே ஒன்றரையிலிருந்து இரண்டரை ஆகிவிடுகிறது. அதுவும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பொத்தேரிப் பிள்ளைகள் போனில் மணியைப் பார்த்துவிட்டு, அவர் மறந்துவிடப்போகிறாரே என்று பின்னாலிருந்து தோளைத் தட்டுகிறார்கள்: "அண்ணா, டைம் ஆச்சு, ஓரங்கட்டு."