போர்வைக்குள் போன ஏழாம் பக்கம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்தது அல்ல. என் தங்கை தைத்துக்கொண்டிருக்கும் போர்வையின் பின்புறத்தில் படித்தது. அதுவும் முழுசாக இல்லை, உள்ளங்கை அகலத் துண்டுகளாக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எழுதி வைத்திருந்த கதையின் ஏழாம் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். மேஜைக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், தலையணை உறைக்குள் (சிரிக்காதீர்கள், ஒருமுறை அங்கே கிடைத்திருக்கிறது). ஏழு மட்டுமில்லை, ஒன்றிலிருந்து பதினொன்று வரை எதையுமே காணோம். வீட்டைத் தலைகீழாக்கிய பிறகு, நாற்காலியில் மடித்துக் கிடந்த போர்வையை நகர்த்தினேன். அது சரசரத்தது. துணி ஏன் சரசரக்க வேண்டும் என்று திருப்பிப் பார்த்தால், நீலச் சட்டைத் துண்டு ஒன்றின் முதுகில் என் கையெழுத்து:

"அவள் பெட்டியோடு படியேறி வந்த அன்று நான்"

அதற்குமேல் துணி மடிந்திருந்தது.

2

ஆட்களைச் சொல்லாமல் கதையை ஓட்டக்கூடாது. மொத்தம் இரண்டே பேர்தான், பயப்படாதீர்கள்.

நான் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் இருப்பவள். வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது வேலை. நடுவில் ஆள் இல்லாத நேரத்தில் கம்பளிநூலில் கழுத்துக்குட்டை பின்னுவேன். மூன்று வருடமாக ஒரே குட்டை. பத்து வரிசை பின்னுவேன், எட்டு வரிசை உருவுவேன். வீட்டுக்கு வந்தால் கதை. வேண்டாமென்று டாக்டர் ஒதுக்கிய பழைய படிவங்களின் பின்பக்கத்தில் எழுதுவேன். நல்ல தடிமனான தாள், மை ஊறாது.

என் தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையின் உள் அறையில் லென்ஸ் தேய்க்கிறாள். சட்டத்துக்குள் கச்சிதமாக உட்காரும்வரை கண்ணாடியின் ஓரத்தைத் தேய்க்க வேண்டும். இம்மி கூடினால் உட்காராது, குறைந்தால் ஆடும். எட்டு வருடம் குடும்பம் நடத்திவிட்டு, பதினான்கு மாதத்துக்கு முன் ஒரு பெட்டியோடு என்னிடம் வந்தாள். ஏன் என்று கேட்டேன். "விடுக்கா" என்றாள். அவள் கணவர் மாதம் ஒருமுறை போன் செய்து, எப்போது திரும்பி வருகிறாய் என்று கேட்கிறார். "சொல்றேன்" என்கிறாள். இன்னும் சொல்லவில்லை.

போவாளா, இருப்பாளா? பதினான்கு மாதமாக எனக்கு இந்த ஒரே கேள்விதான். தூக்கம் கெடுகிற அளவுக்குக் கேள்வி. ஒரு எழுத்தாளரிடம் விஷயத்தைச் சொல்லாமல் இருப்பது என்பது

(இந்த வாக்கியத்தைக் கைவிடுகிறேன். பழியை அவள்மேல் போடப் பார்க்கிறது.)

அவள் சொல்லவில்லை, அதனால் நானே எழுதிக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது.

3

காணாமல் போன கதைக்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"அவன் அவளை அடித்தான்." (வேகமாக இருக்கிறது. இருந்தாலும் அவள் கணவர் ஒரு கரப்பான்பூச்சியைக்கூட அட்டையில் ஏந்திக்கொண்டுபோய் வெளியே விடுகிறவர்.)

"அவன் சட்டைப்பையில் வேறொருத்தியின்" (வேறொருத்தியின் என்ன? கைக்குட்டையா, சீட்டா? எனக்கே கொட்டாவி வந்தது.)

"அவள் பெட்டியோடு படியேறி வந்த அன்று நான் எதுவும் கேட்கவில்லை." (சுத்தப் பொய். செருப்பைக் கழற்றுவதற்குள் நாலு கேள்வி கேட்டேன்.)

மூன்றாவதை வைத்துக்கொண்டு, அதற்குள் முதல் இரண்டையும் செருகி, பதினோராம் பக்கத்தில் அவளை நிமிர்ந்து நிற்க வைத்து, "இனி வரமாட்டேன்" என்று கணவனிடம் சொல்ல வைத்தேன். பத்திரிகைக்கு வெள்ளிக்கிழமைக்குள் தருவதாகவும் சொல்லிவிட்டேன்.

4

போர்வையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய சட்டை, திரைச்சீலை, மேஜைவிரிப்பு எல்லாவற்றிலும் துண்டு வெட்டுவாள். தாளை ஆறு மூலையாகக் கத்தரித்து, துணியை அதன்மேல் வைத்து, ஓரத்தை உள்ளே மடித்து நூலோட்டுவாள். அப்படிச் செய்த துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைப்பாள். ஒரு துண்டைச் சுற்றி ஆறு துண்டும் வந்து சேரும்வரை தாள் உள்ளேயே இருக்கும். அப்புறம் உருவி எறிந்துவிடலாம். தாள் இல்லாமலே துணி தன் வடிவத்தில் நிற்கும்.

தாளுக்காக அவள் என்னைக் கேட்டபோது, மேஜையில் உட்கார்ந்தபடியே சொன்னேன்: "இடது பக்கக் கட்டு குப்பைதான், எடுத்துக்கோ." அவள் எனக்கு எதிரே நின்றிருந்தாள். அவளுடைய இடது என்னுடைய வலது. சரி, குழம்பிப்போய் எடுத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

தரையில் உட்கார்ந்து பின்புறம் முழுவதையும் படித்தேன். துணி ஓரத்தை மூடியிருந்ததால் எந்த வாக்கியத்துக்கும் தலையும் இல்லை, வாலும் இல்லை. ஒன்பதாம் பக்கத்துக்குப் பக்கத்தில் இரண்டாம் பக்கம். "கதவுவரை வந்துவிட்டு" என்பதை ஒட்டி "தேநீர் ஆறிப்போய்". நான் கோபப்பட்டிருக்க வேண்டும். கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: படிக்கப் படிக்க ஆசையாக இருந்தது. என் பதினொரு பக்கம் எல்லாம் தெரிந்த மாதிரி பேசியது. இந்தத் துண்டுகள் எதுவும் தெரியாத மாதிரி இருந்தன, அதனால் அடுத்தது என்ன என்று என்னையே தேட வைத்தன. எழுதியவளே நான்தான், எனக்கே அடுத்த வரி தெரியவில்லை.

(பின்னலில் தப்பு செய்தால் நுனியை இழுத்து உருவிவிடலாம், நூல் பழையபடி நூலாகிவிடும். நான் அப்படி எழுதியே பழகிவிட்டேன். துணியில் கத்தரி வைத்தால் வைத்ததுதான். வெட்டுப்பட்டதை வைத்துக்கொண்டு மேலே என்ன செய்யலாம் என்றுதான் பார்க்க முடியும்.)

அப்போதுதான் பென்சில் எழுத்தைக் கவனித்தேன். "அவன் அவளை அடி" என்ற துண்டின் ஓரத்தில் குட்டியாக "இல்ல". "வேறொருத்தி" பக்கத்தில் "இல்ல". "இனி வரமாட்" என்று நின்ற துண்டில் "இல்ல"கூட இல்லை. வெறும் கேள்விக்குறி.

5

நூல் வாங்கப் போனவள் திரும்பி வந்தாள். நான் தரையில், மடியில் போர்வை.

"திருப்பிப் பாத்துட்டியா?" என்றாள்.

"என் கதைய வெட்டிட்டியேடி!"

"இடது பக்கம் எடுத்துக்கன்னு நீதான சொன்ன."

"என்னோட இடது!"

"சட்டத்த எதிர்ல வச்சு, போடறவங்களுக்கு எது இடது கண்ணுன்னு தெரியாமதான் நான் தினமும் லென்ஸ் மாட்டறேனா?"

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப வேணும்னே வெட்டினியா?"

"ஆமா. பதினோரு பக்கமும் படிச்சிட்டுத்தான் வெட்டினேன்." பையைக் கீழே வைத்தாள். "அவர் அடிக்கலக்கா."

"அப்ப வேற யாராவது..."

"அதுவும் இல்ல."

"குடிச்சிட்டு வந்து..."

"பாத்தியா? இதேதான்." குரல் உயரவில்லை. "நான் ஒரு வரி ஆரம்பிச்சா அவர் முடிச்சிடுவாரு. எட்டு வருஷம். கோவமா இல்ல, ஆசையாத்தான். டாக்டர்கிட்ட போனா எனக்கு எங்க வலிக்குதுன்னு அவர் சொல்லுவாரு. கடைக்குப் போனா எனக்கு எந்தக் கலர் பிடிக்கும்னு அவர் சொல்லுவாரு. பாதி நேரம் சரியாதான் இருக்கும், அதான் கொடுமை. ஒரு நாள் யாரோ என்கிட்ட பேர் கேட்டாங்க. நான் திரும்பி அவரைப் பாத்தேன்."

நான் வாயைத் திறந்தேன். நல்லவேளை, மூடிவிட்டேன்.

"இங்க வந்தேன். நீயும் அதையே பண்ற. அவராவது வாயால முடிச்சாரு. நீ எழுதியே முடிச்சிட்ட."

அவமானமாக இருந்தது. இத்தனை நாள் என்னை ஆவலுள்ளவள், பாசமுள்ளவள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதவளுக்கு ஆவல் என்ன வேண்டிக்கிடக்கிறது?

6

(இந்தக் கதையில் "நான்" என்று வருகிறவளை நம்பலாமா என்று எனக்கே சந்தேகம். முந்தைய பகுதியில் தங்கை பேசியதை அவள் சொன்னபடியே எழுதினேனா, அழகுபடுத்தினேனா? எழுதியதை அவளிடம் காட்டினேன். ஒரே ஒரு சொல்லை மாற்றினாள். எந்தச் சொல் என்று சொல்லமாட்டேன்.)

"இதை எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"எழுது. என் வரிய மட்டும் நீ முடிக்காத."

செவ்வாய்க்கிழமை பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அதெல்லாம் சரிம்மா. கடைசில தங்கச்சி புருஷன்கிட்ட போறாளா, இல்லியா?"

"தெரியல சார்."

"தெரியலைன்னா எப்படி? நீங்கதான எழுதறீங்க!"

அவருக்காக நான் யோசித்த முடிவுகள்:

ஒன்று. அவள் திரும்பிப் போகிறாள். கணவர் கதவைத் திறந்து, "நீ வருவேன்னு எனக்கு" (இவரும் ஆரம்பித்துவிட்டார். வேண்டாம்.)

இரண்டு. தனியாக அறை எடுத்துப் போகிறாள். கட்டிலில் அந்தப் போர்வை. ஜன்னல் வழியே வெயில் (வெயில் எதற்கு? வெயில் வந்தால் நல்ல முடிவு என்று யார் சொன்னது?)

மூன்று. என்னோடே இருக்கிறாள். (இது கதைக்காக யோசித்ததில்லை. எனக்காக. அவள் போய்விட்டால் இந்த வீடு எனக்குப் பெரிதாகிவிடும். அதைப் பதினொரு பக்கத்தில் எங்கேயும் எழுதவில்லை, ஆனால் எழுதியதே அதனால்தான்.)

7

இன்று வியாழக்கிழமை, மாலை. கண்ணெதிரே நடப்பதை எழுதுகிறேன்.

அவள் எதிரே உட்கார்ந்து தைக்கிறாள். சுற்றிலும் துண்டு சேர்ந்துவிட்ட இடங்களில் தாளை உருவி ஓரமாகப் போடுகிறாள். என் வாக்கியங்கள் தரையில் கிடக்கின்றன. குனிந்து பொறுக்கக் கை பரபரக்கிறது, பொறுக்கவில்லை.

சற்றுமுன் அவள் கணவர் போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்றாள். இதுவரை நாள் குறித்துச் சொன்னதில்லை. போனை வைத்துவிட்டு ஊசியில் நூல் கோத்தாள். பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"நான் முடிவு பண்ணிட்டேன்கா. நான்..."

நிறுத்தியிருக்கிறாள். நூலில் முடிச்சு விழுந்திருக்கிறது, அதைப் பிரிக்கிறாள். எனக்குத் தொண்டைவரை நாலு சொல் வந்து நிற்கிறது. நாலுமே பொருத்தமாக இருக்கும், அதில் ஒன்று நான் ஆசைப்படுவது. பல்லைக் கடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

வழக்கமாக இந்த மாதிரிக் கதைகளில் முடிவை உங்கள் கையில் கொடுத்துவிட்டு எழுத்தாளர் நழுவிவிடுவார். மன்னிக்க வேண்டும், உங்களிடமும் தரமுடியாது. உங்கள் வாயிலும் ஒரு சொல் தயாராக இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

முடிச்சு பிரிந்துவிட்டது. நிமிர்ந்து பார்க்கிறாள்.

தயவுசெய்து, நீங்களும் கொஞ்சம் சும்மா இருங்கள்.