தொட்டிச் செண்டு

அந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு எர்மெலிந்தா என் தம்பி கபினோவிடம் பூ வாங்கவில்லை. கபினோவின் செண்டுமல்லி வயல் அட்லிஸ்கோ நகருக்குப் போகும் சாலையோரம் இருக்கிறது. ஆளுயரம் வளரும் நாட்டுச் செண்டு. மழை தொடங்கும்போது விதைத்தால் அக்டோபர் கடைசியில்தான் பூக்கும். முன்பெல்லாம் எங்கள் தெரு முழுக்க அதைத்தான் கட்டுக்கட்டாக வாங்கும். நெடுஞ்சாலையில் பெரிய கடை வந்த பிறகு, வெளிநாட்டு விதையில் வளர்த்த குட்டைச் செண்டு தொட்டியோடு கிடைக்க ஆரம்பித்தது. தெருவில் பாதிப் பேர் அதற்கு மாறிவிட்டார்கள்.

எர்மெலிந்தாவின் வீடு என் வீட்டுக்கு அடுத்தது. அவள் மகனுக்கு நான்தான் ஞானத்தாய். அதனால் எங்களுக்குள் 'கோமாத்ரே' என்றுதான் பேச்சு. அவள் கணவன் எவோதியோ அந்த மார்ச்சில்தான் செத்துப்போயிருந்தான். செத்தவர்கள் செண்டு மணத்தைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பும் அந்த நாளில், அவனுக்கு அது முதல் படையல்.

வாசலில் தொட்டிகளை வரிசை பிடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் கோமாத்ரே, கபினோ பூ வேணாமா?"

"அவன் பூவுல பாதி புழு, மீதி வண்டு. இதழ் கொட்டினா ஒரு வாரம் பெருக்கணும். இதப் பாரு, தண்ணி ஊத்தினா கிறிஸ்மஸ் வரைக்கும் நிக்கும்."

குனிந்து மோந்து பார்த்தேன். ஈரமண் வாசனைதான் வந்தது.

"மணமே இல்லையே. எவோதியோ எப்படி வழி கண்டுபிடிப்பான்?"

"முப்பது வருஷம் குடிச்சிட்டு இருட்டுல வழி கண்டுபிடிச்சு வந்தவன். பகல்ல வரமாட்டானா?"

மறுநாள் நவம்பர் ஒன்று. நடுப்பகலில் கோயில் மணி அடித்தது. பெரியவர்களாகச் செத்தவர்கள் வீடு வரும் நேரம். இறந்துபோன என் தங்கை ஒனேசிமாவுக்காக வாசலிலிருந்து படையல் மேசை வரை செண்டு இதழ் தூவியிருந்தேன். சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. மணி ஓய்ந்ததும் வாசல்படியில் யாரோ செருப்பைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. ஒரு கால் ஊன்றி, மறுகால் இழுபட்டு, மெதுவாக உள்ளே வந்தது. ஒனேசிமாவுக்குக் கால் நன்றாகத்தான் இருந்தது. லாரி ஏறி இடதுகால் ஊனமானது எவோதியோவுக்கு.

அவனுடைய பழுப்பு நாய் எங்கிருந்தோ ஓடிவந்து, மேசைக்கு எதிரே இருந்த காலி நாற்காலியருகே உட்கார்ந்து தலையை நீட்டியது. அதன் காதுகள் இரண்டும் மெல்லப் பின்னால் படிந்தன; நிமிர்ந்தன; மறுபடி படிந்தன. யாரோ தடவிக்கொடுப்பது போல. அலமாரியில் ஒளித்து வைத்திருந்த கரும்புச் சாராயத்தைத் திறந்து ஒரு வாய் குடித்தேன். வெறும் தண்ணீராக இருந்தது. மணம், காரம் எதுவும் இல்லை. செத்தவர்கள் உறிஞ்சுவது மணத்தைத்தான்; அவன் முந்திக்கொண்டிருந்தான்.

எர்மெலிந்தாவிடம் ஓடினேன். தொட்டிகளுக்கு நடுவே கறுப்புடையில் உட்கார்ந்திருந்தாள்.

"உன் புருஷன் என் வீட்டுல இருக்கான்."

அவள் முகம் கோணியது. "உயிரோட இருக்கும்போதே உன் மோலே குழம்பு மாதிரி வராதுன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்வான். செத்தும் அங்கதான் போவானா?"

ஆனாலும் வந்தாள். நாயைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு சன்னமாகச் சொன்னாள்: "எவோதியோ, எந்திரி. வீட்டுக்கு வா."

நாயின் காதுகள் அசையாமல் நின்றன. யாரும் எழுந்திருக்கவில்லை. அவன் எப்படி வருவான், வழியே இல்லையே என்று அவளுக்கே புரிந்தது. சால்வை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இருவரும் வயலுக்குப் போனோம். அறுத்த தட்டைகள்தான் நின்றன. ஓரத்தில் மட்டும் ஒரு வரிசை பூத்திருந்தது.

"அது விதைக்கு விட்டது, தோன்யா" என்று எர்மெலிந்தாவை மரியாதையாகவே விளித்துச் சொன்னான் கபினோ. "அத வெட்டினா அடுத்த வருஷம் விதைக்க என்ன இருக்கு? உங்க தொட்டிச் செடி விதை கட்டாதே."

"தெரியும். நான் செஞ்சது தப்பு. அந்த ஆளு பக்கத்து வீட்டுல உக்காந்திருக்கான், கபினோ."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். கத்தியை எடுத்து, வரிசையில் பாதியை வெட்டிக் கொடுத்தான்.

என் வாசலிலிருந்து தெரு வழியாக அவள் படையல் மேசை வரை இதழ் தூவினோம். தூவி முடித்ததும் நாய் எழுந்தது. நாலடி வைக்கும், நிற்கும், திரும்பிப் பார்த்துக் காத்திருக்கும். எர்மெலிந்தா முழங்கையை லேசாக மடக்கிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தாள். அவள் பக்கத்தில், கால் எதுவும் தெரியாமலே, இதழ்கள் நசுங்கின. பின்னாலும் நசுங்கிக்கொண்டே வந்தன. தெருவிலிருந்தும் காலடிகள் வந்து அந்த வழியில் சேர்ந்தன.

அவள் வீட்டில் மெழுகுவர்த்திச் சுடர்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. பழைய உடுப்பு, புகையிலை, மருந்து, யார் யாருடையதோ வாசனை.

"கோமாத்ரே, இவங்கல்லாம் யாரு?" என்றாள் எர்மெலிந்தா.

"தொட்டி வச்ச வீட்டுக்காரங்களோட ஆளுங்களா இருக்கும். வழி தெரியாம இங்க வந்துட்டாங்க."

அவள் வீட்டிலிருந்த நாற்காலிகளை எல்லாம் இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றாள்.

மறுநாள் நடுப்பகலில் மெழுகுவர்த்தி பிடித்து, வந்தவர்களைக் கல்லறை வரை வழியனுப்பினோம். அடுத்த நாள் காலையில் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"ஒருத்தங்க போகல."

ஜன்னலோர நாற்காலியைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"யாருன்னு கேட்டியா?"

"கேட்டேன். இருமல்தான் வந்துச்சு. பொம்பள இருமல்."

விரட்ட அவளுக்கு மனம் வரவில்லை. தினமும் அங்கே ஒரு கோப்பை காப்பி வைத்தாள். ஆறிய பிறகு குடித்தால் அதில் மணமிருக்காது. நாய் அந்த அறைக்குள் நுழையவே இல்லை. மழை தொடங்கியதும் துணி காயப்போடும் கொல்லையைக் கொத்தி, கபினோவைக் கூப்பிட்டு மீதி விதையில் ஒரு பங்கை விதைக்கச் சொன்னாள். வீடு வீடாகப் போய், இந்த வருடம் நம்ம ஊர்ப் பூதான் என்று சொல்லிவைத்தாள். சிலர் நம்பினார்கள். மற்றவர்கள் பயத்தில் வாங்கினார்கள்.

அடுத்த நவம்பர் ஒன்று, மணி அடித்ததும் அந்த நாற்காலி கிரீச்சிட்டது. இதழ்கள் ஒவ்வொன்றாக அழுந்தின. வாசல் தாண்டி, தெருவில் ஏறி, டயருக்குப் பஞ்சர் ஒட்டும் ருத்தீலியோவின் வீட்டுப்பக்கம் திரும்பின. அவன் அம்மா போய் இரண்டு வருடம். போன இரண்டு தடவையும் தொட்டிதான் வைத்திருந்தான்; இந்தத் தடவைதான் வாசலில் இதழ் தூவியிருந்தான். நாங்கள் எதிரே நின்று பார்த்தோம். டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவன், பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலச் சட்டென்று தலையைத் திருப்பினான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"வாம்மா" என்றான்.